தோல்வி காத்த ஊர்கள்

மேற்படிப்புக்கென்று பிரித்தானியா செல்லும் எங்கள் மாணவர்கள், புறப்படுமுன் வீட்டுக்கு வந்து விடைபெற்றுச் செல்வது வழக்கம். நாங்கள் இருவரும், கணவனும் மனைவியுமாக, ஒரே கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறவர்கள். 2024 ஜூன் மாதத்தில் மூன்று வாரம் அந்நாட்டின் சிற்றூர்களைச் சுற்றிவந்தோம் என்ற செய்தி பரவியதிலிருந்து, வருகிற பிள்ளைகள் தவறாமல் ஒன்று கேட்கிறார்கள். லண்டனை விட்டால் வேறு எந்த ஊரைப் பார்க்கலாம்?

பட்டியல்தான் வேண்டுமென்றால் இணையத்தில் குவிந்து கிடக்கிறது. பார்த்தே தீரவேண்டிய பத்து ஊர்கள், இருபது ஊர்கள், யாரும் அறியாத ஐந்து ஊர்கள் என்று நாள்தோறும் ஒன்று வெளியாகிறது. யாரும் அறியாத அந்த ஐந்தும் முந்தைய பத்தில் இருந்தவையே என்பது வேறு. சாய்ந்து நிற்கும் மரவீடு, கல் பாவிய தெரு, சன்னலோரத்துப் பூந்தொட்டி, தேநீர்க்கடை. எல்லாப் பட்டியல்களிலும் ஒரு வாசகம் திரும்பத் திரும்ப வரும்: காலம் உறைந்துவிட்ட ஊர். காலம் ஏன் அங்கே உறைந்தது என்ற அடுத்த கேள்வியைப் பட்டியல் எழுதுகிறவர் கேட்பதில்லை, படிக்கிறவரும் கேட்பதில்லை.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். காலம் தானாக எங்கும் உறைவதில்லை. பணவரவு நின்ற இடத்தில்தான் காலமும் நிற்கிறது. செழிக்கும் ஊர் தன் பழைய வீட்டை இடித்துப் புதியது கட்டும். நொடித்துப்போன ஊருக்கு இடிக்கவும் வக்கிருக்காது. இன்று நாம் அழகென்று படம் பிடித்துக்கொள்வது, பலவேளைகளில், என்றோ நேர்ந்த ஒரு தோல்வியின் மிச்சம். அந்த மிச்சத்துக்கு இப்போது பெரிய விலை கிடைக்கிறது. அந்த விலையே சில ஊர்களுக்கு இரண்டாவது கேடாக வந்து வாய்த்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டுதான் அவ்வூர்களுக்குப் போகவேண்டும் என்பது எங்கள் வாதம். மூலத்தை உரையோடு படிப்பது போல, ஊரையும் உரையோடு படிக்கவேண்டும்.

*

சஃபோக் மாவட்டத்தில் லாவென்ஹாம் என்றோர் ஊர். இரயில் கிடையாது, சட்பரி வரை இரயிலில் சென்று பேருந்து பிடிக்கவேண்டும். ஊருக்குள் நுழைந்ததும் எங்களுக்கு முதலில் தோன்றியது, இவ்வீடுகள் எப்படி இன்னும் விழாமல் நிற்கின்றன என்பதுதான். மேல்தளம் தெருவை எட்டிப்பார்க்கிறது. வாசற்படி ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. காயாத ஓக் மரத்தைக் கொண்டு சட்டம் கட்டி எழுப்பிய வீடுகள் அவை. மரம் சுவரிலேயே காய்ந்து முறுக்கிக்கொண்டதால் வந்த கோணல் அது. மஞ்சளும் இளஞ்சிவப்புமாகப் பூசப்பட்ட அந்தக் கோணல் வீடுகளைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது. ஹாரி பாட்டர் திரைப்படத்தில் ஹாரியின் பிறந்த ஊராகக் காட்டப்படுவதும் இதுவே.

ஒரு காலத்தில் இது கம்பளித் துணியின் ஊர். வோட் என்னும் செடியின் சாயத்தில் தோய்த்த இவ்வூர் நீலத்துணி கடல்கடந்து விற்றது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் தன்னைவிடப் பன்மடங்கு பெரிய யார்க், லிங்கன் நகரங்களைக் காட்டிலும் அதிக வரி கட்டிய ஊர். ஸ்பிரிங் என்ற துணி வணிகக் குடும்பம் பிரபுக்களுக்கு நிகரான செல்வத்தோடு இருந்தது. 141 அடி உயரத்தில் நிற்கும் தேவாலயக் கோபுரம் அந்தப் பணத்தில் எழுந்ததுதான்.

அதன்பின் சரிவு விரைவாக வந்தது. 1525இல் எட்டாம் ஹென்றி பிரான்சுப் போருக்கென்று விதித்த வரியை எதிர்த்து, வேலையிழந்த நெசவாளர்கள் இங்கே ஆயிரக்கணக்கில் திரண்டனர். அரசன் அந்த வரியைக் கைவிட நேர்ந்தது. அதே நூற்றாண்டில் நெதர்லாந்துப் பகுதியிலிருந்து அகதிகளாக வந்து கால்செஸ்டரில் குடியேறிய நெசவாளர்கள், எடை குறைந்த, விலையும் குறைந்த புதுத்துணியை நெய்யத் தொடங்கினார்கள். லாவென்ஹாமின் கனத்த நீலத்துணியைக் கேட்பாரில்லை. 1600 வாக்கில் வணிக ஊர் என்ற பெயரே போய்விட்டது. 1530 அளவில் செல்வர்கள் கூடுவதற்குக் கட்டிய சங்க மண்டபம், பின்னாளில் சிறையாகவும் வறியோர் விடுதியாகவும் பயன்பட்டது. இன்று அது அருங்காட்சியகம்.

அந்த மண்டபத்துக்கு எதிரே கல்லிருக்கையில் அமர்ந்து நாங்கள் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். பிற ஊர்களில் பணம் இருந்தவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் மரவீட்டை இடித்துவிட்டுச் செங்கல் வீடு கட்டினார்கள். இவ்வூராருக்கு அது இயலவில்லை. இருந்த வீட்டிலேயே இருந்தார்கள். அந்த இயலாமைக்குத்தான் இன்று நுழைவுச்சீட்டு. நம் குழந்தைகள் விண்மீனைப் பார்த்துப் பாடும் அந்த ஆங்கிலப் பாட்டை எழுதிய ஜேன் டெய்லர், சிறுமியாக வளர்ந்த வீடும் இங்கே இருக்கிறது. பாட்டு உலகெங்கும் போய்விட்டது. வீடு அசையாமல் நிற்கிறது.

*

லாவென்ஹாமைச் சந்தை கைவிட்டது என்றால், ரை என்ற ஊரைக் கடலே கைவிட்டது. சசெக்ஸ் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், ஆஷ்ஃபோர்டில் இரயில் மாறினால் எளிதில் அடையலாம். ஒரு குன்றின்மேல் கொத்தாக அமர்ந்திருக்கும் ஊர். உருண்டைக் கல் பாவிய மெர்மெய்ட் தெருவில் செருப்போடு நடப்பதே ஒரு கலை.

இவ்வூரின் வரலாறு தண்ணீர் எழுதியது. 1287ஆம் ஆண்டுப் பெரும்புயல் ராதர் ஆற்றின் போக்கையே மாற்றியது. நியூ ராம்னி என்ற துறைமுகத்தில் கலந்துகொண்டிருந்த ஆறு, அதைத் தூர்த்துவிட்டு, இங்கே ரை அருகில் வந்து கடலில் சேர்ந்தது. ஓர் ஊரின் கெடுதி மற்றோர் ஊரின் செல்வமாயிற்று. அரசனுக்குக் கப்பல் கொடுத்துச் சலுகை பெற்ற தென்கரைத் துறைமுகங்களின் கூட்டமைப்பில் ரையும் இடம்பெற்றது. 1377இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து எரித்தார்கள், மீண்டும் கட்டினார்கள். எரித்தவனிடமிருந்து மீண்ட ஊர், மண்ணிடமிருந்து மீளவில்லை. ஆறு கொண்டுவந்த வண்டலும், சதுப்பை விளைநிலமாக்க எழுப்பிய கரைகளும் சேர்ந்து கடலைத் தள்ளிக்கொண்டே போயின. இன்று ஊருக்கும் கடலுக்கும் ஏறக்குறைய இரண்டு மைல். எட்டாம் ஹென்றி துறைமுகத்தைக் காக்கக் கட்டிய கேம்பர் கோட்டை, இப்போது ஆடு மேயும் வெளியின் நடுவே காவல் காக்க எதுவுமின்றி நிற்கிறது. ஊரிலிருந்து நடந்தே சென்று பார்க்கலாம். இவ்வூரைப் புரிந்துகொள்ள மெர்மெய்ட் தெருவைவிட அந்தக் கோட்டைதான் உதவும் என்போம்.

வணிகம் போனபின் கள்ளக்கடத்தல் வந்தது. அதுவும் ஓய்ந்தபின் எழுத்தாளர்கள் வந்தார்கள். அமெரிக்கரான ஹென்றி ஜேம்ஸ் 1898 முதல் 1916இல் இறக்கும் வரை இங்குள்ள லாம்ப் ஹவுஸைத் தம் வீடாகக் கொண்டிருந்தார். அவருடைய பிற்காலப் பெருநாவல்கள் மூன்றும் இவ்வீட்டுக் காலத்தவை. அவருக்குப் பின் அதே வீட்டில் இ.எஃப். பென்சன் வாழ்ந்து, இவ்வூரையே டில்லிங் என்ற பெயரில் நாவலாக்கிச் சிரித்தார்; பிறகு இதே ஊருக்கு மேயராகவும் ஆனார். தம்மைக் கேலி செய்தவரை மேயராக்கிய ஊர் என்பதற்காகவே ரையின்மீது எங்களுக்கு மதிப்பு கூடியது. இருவரும் எழுதிய தோட்ட அறை 1940இல் ஜெர்மானியக் குண்டு விழுந்து அழிந்தது. அறை இருந்த இடத்தைச் சுவரில் குறித்திருக்கிறார்கள்.

*

யார்க்‌ஷயரில் ஹாவர்த்துக்கு நாங்கள் பிரான்டே சகோதரிகளுக்காகவே போனோம். ஆங்கிலம் பாடமாகப் படித்த எவருக்கும் அந்த மேட்டுநிலத்துக் காற்றின் நினைவு இருக்கும். லீட்ஸிலிருந்து கீத்லி வரை இரயில். அங்கிருந்து நீராவி இரயில். 1962இல் நட்டமென்று மூடப்பட்ட அந்தக் கிளைப்பாதையை, ஊர்க்காரர்களும் இரயில் ஆர்வலர்களும் கூடி 1968இல் தாங்களே திறந்துகொண்டார்கள். இன்றும் பெரும்பாலும் தொண்டர்களே நடத்துகிறார்கள். சீட்டுக் கொடுத்த முதியவர் எங்கள் ஊர் நீராவி இரயில் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு எங்களால் பாதிக்குமேல் விடைசொல்ல முடியவில்லை.

ஹாவர்த்தின் செங்குத்தான கடைத்தெரு அழகுதான். உச்சியில் தேவாலயம், அதையடுத்துக் கல்லறைத் தோட்டம், அதைத் தாண்டிப் பாதிரியார் வீடு. அந்த வீட்டு முன்சன்னலில் நின்றால் தெரிவது கல்லறைகள் மட்டுமே. மூன்று நாவலாசிரியர்கள் அன்றாடம் கண்ட காட்சி அது.

1850இல் அரசு அனுப்பிய சுகாதார ஆய்வாளர் பெஞ்சமின் பாபேஜ் இவ்வூர் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். கணிப்பொறியின் முன்னோடி சார்லஸ் பாபேஜின் மகன் அவர். ஹாவர்த்தில் இறப்போரின் சராசரி வயது 25.8, பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு 41 பேர் ஆறு வயதைக் காண்பதில்லை என்று அவ்வறிக்கை சொல்கிறது. கழிவுநீர் தெருவில் ஓடியது. நெருக்கிப் புதைக்கப்பட்ட கல்லறைத் தோட்டம் மேட்டில் இருந்தது. குடிக்கும் நீர் அதன் கீழே இருந்து வந்தது. இந்த ஆய்வு வேண்டும் என்று அரசுக்கு மன்றாடி எழுதியவர்களுள் முதன்மையானவர், அந்தச் சகோதரிகளின் தந்தை பாட்ரிக் பிரான்டே. அறிக்கை வரும்போது அவருடைய ஆறு பிள்ளைகளில் ஐவர் இறந்திருந்தனர். எஞ்சிய சார்லட்டும் 1855இல் இறந்தார். தந்தை 1861 வரை இருந்தார்.

கல்லறைத் தோட்டத்தில் இன்று ஓங்கி நிற்கும் மரங்களின் நிழலில் பலர் அமர்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். நாங்களும் அமர்ந்தோம். அவை 1864இல், புதைந்த உடல்கள் விரைவில் மட்கவேண்டும் என்பதற்காக நடப்பட்ட மரங்கள் என்பது அருங்காட்சியகத்துக்குள் போனபிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. நிழல் நிழல்தான், அதில் குறையொன்றும் இல்லை. எனினும் திரும்பி வரும்போது அம்மரங்களை வேறு விதமாகப் பார்த்தோம். உரையோடு படிப்பது என்று நாங்கள் சொன்னது இதைத்தான்.

*

இனிச் சொல்வது எங்கள் தவறும் கலந்தது.

வடகடலோரத்து விட்பி, இப்பயணத்தில் நாங்கள் மிகவும் விரும்பிய ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை திமிங்கல வேட்டையின் ஊர். ஜேம்ஸ் குக் கப்பல் தொழில் பயின்றது இங்கே. அவர் பசிபிக் கடலுக்குக் கொண்டுசென்ற என்டெவர் கட்டப்பட்டதும் இங்கேதான். பிராம் ஸ்டோக்கர் 1890இல் இங்கே தங்கியிருந்தபோது கண்ட மடாலய இடிபாடும் 199 படிகளும் 1897இல் டிராகுலா நாவலில் ஏறின.

எங்களை ஈர்த்தது டிராகுலா அல்ல, கேட்மன். ஏழாம் நூற்றாண்டில், ஹில்டா என்ற பெண்மணி தலைவியாக இருந்த இம்மடத்தில் மாடு மேய்த்தவர் அவர். விருந்தில் யாழ் கைமாறி வரும்போது, தமக்குப் பாடத்தெரியாதென்று எழுந்து தொழுவத்துக்குப் போய்விடுவாராம். ஓரிரவு கனவில் ஒருவர் வந்து பாடச்சொல்ல, பாடினார். எழுத்தறியாத அந்த மாடுமேய்ப்பவர்தான் ஆங்கிலத்தில் பெயர் தெரிந்த முதற்கவிஞர். பீட் என்ற துறவி எழுதிவைத்ததால் நமக்குத் தெரிகிறது. அவர் பாடியதில் எஞ்சியது சில வரிகளே. தேவாலய முற்றத்தில் அவருக்கு நிறுத்திய சிலுவைத்தூணின் முன் நாங்கள் நெடுநேரம் நின்றோம்.

தங்கியது பழைய மீனவர் குடில் ஒன்றில். செயலி வழியாக நான்கு இரவுக்கு முழு வீட்டையும் எடுத்திருந்தோம். குறுகிய சந்து, சிவப்பு ஓடு, சுவரில் மீனவர் ஒருவரின் பழைய ஒளிப்படம், சன்னலைத் திறந்தால் கடற்பறவைகளின் கூச்சல். இப்படி ஒரு வீட்டில் வாழ்பவர்கள் எவ்வளவு கொடுத்துவைத்தவர்கள் என்று எங்களில் ஒருவர் சொன்னோம். வாழ்பவர் யாரும் அங்கே இல்லை என்பது முதல் இரவே தெரிந்தது. எங்கள் சந்தில் ஒன்பது வீடு. விளக்கெரிந்தது எங்களுடையதையும் சேர்த்து மூன்றில். வாசல்தோறும் எண் பூட்டுப் போட்ட சிறு சாவிப்பெட்டி. மூன்றாம் நாள், விளக்கெரியும் வீட்டு மூதாட்டியிடம் பேச வாய்த்தது. அவர் சிறுமியாக இருந்தபோது அச்சந்தில் பிள்ளைகள் நிறைந்திருந்தார்களாம். இப்போது சனிக்கிழமைதோறும் புது முகங்கள். அவருடைய மகன் வீடு தேடி இருபது மைல் தள்ளிப் போய்விட்டார். நாங்கள் தங்கியிருந்த வீட்டில் முன்பு இருந்தவர்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னார். அவரிடம் வருத்தம் இருந்தது. எங்கள்மீது கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

இது ஒரு சந்தின் கதையன்று. 2022 ஜூன் மாதம் விட்பியில் ஊர் வாக்கெடுப்பு நடந்தது. இனிக் கட்டப்படும் வீடுகள் நிரந்தரமாகக் குடியிருப்போருக்கே விற்கப்படவேண்டும் என்பதற்கு, வாக்களித்தவர்களில் 93 விழுக்காட்டினர் ஆம் என்றனர். வாக்குச்சாவடிக்கு வந்தவர்கள் கால்வாசிக்கும் குறைவு என்பதையும், அத்தீர்ப்பு யாரையும் கட்டுப்படுத்தாது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். கார்ன்வால் கடற்கரையில் செயின்ட் ஐவ்ஸ் ஊரார் 2016இலேயே இதுபோல் வாக்களித்து, உயர்நீதிமன்றம் வரை சென்று அவ்விதியை நிலைநாட்டினர். ஆனால் அது புதுவீட்டுக்கு மட்டுமே பொருந்தும். பழைய வீடுகளை வாங்கும் வெளியூர்ப் பணத்தை அது தடுக்காது. வேல்ஸில் 2023 ஏப்ரல் முதல், இரண்டாம் வீட்டுக்கு வழக்கமான உள்ளாட்சி வரிக்குமேல் 300 விழுக்காடு வரை கூடுதலாக விதிக்கலாம். இங்கிலாந்தில் 2025 ஏப்ரல் முதல் 100 விழுக்காடு வரை விதிக்கலாம். விட்பி அடங்கிய வடக்கு யார்க்‌ஷயரும் அதை விதித்தது.

அழகுக்கு விலை ஏறியதும், அதைக் காத்து வைத்திருந்தவர்களால் அங்கே இருக்க முடியவில்லை. லாவென்ஹாமின் நெசவாளர் வறுமையால் தம் வீட்டை விடாமல் இருந்தார். விட்பியின் மீனவர் மகன், வீட்டுக்கு மதிப்புக் கூடியதால் வெளியேறினார். கேட்மன் இன்றிருந்தால் விட்பியில் அவருக்கு வாடகைக்கு ஒரு வீடு கிடைக்குமா என்று யோசித்தோம். தொழுவம்கூட இன்று விடுமுறைக் குடிலாக மாறியிருக்கும்.

*

அப்படியானால் சிற்றூருக்கு நொடிப்பதும் விலைபோவதும் தவிர வேறு வழியில்லையா? இருக்கிறது என்பதற்கு ஹே ஆன் வை ஒரு சான்று.

வேல்ஸுக்கும் இங்கிலாந்துக்கும் எல்லையில், வை ஆற்றங்கரையில், சுமார் இரண்டாயிரம் பேர் வாழும் ஊர். ஹெரஃபோர்ட் வரை இரயில், பிறகு பேருந்து. 1962 முடிவில் இவ்வூரின் இரயில் நின்றது. இளைஞர்கள் வெளியேறிக்கொண்டிருந்தனர். அந்த ஆண்டுகளில்தான் ஆக்ஸ்ஃபோர்டில் படித்துத் திரும்பிய ரிச்சர்ட் பூத் என்ற இளைஞர் பழைய தீயணைப்பு நிலையத்தில் ஒரு பழம்புத்தகக் கடை போட்டார். விலைபோகாத மாளிகை நூலகங்களையும், அமெரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாகப் பழைய நூல்களையும் வாங்கிக் குவித்தார். ஒரு புத்தகக் கடைக்காக யாரும் இவ்வளவு தொலைவு வரமாட்டார்கள். ஊரே புத்தகக் கடையானால் உலகமே வரும் என்பது அவர் கணக்கு. திரையரங்கும் கோட்டையும் புத்தகக் கிடங்காயின. 1977 ஏப்ரல் முதல் நாள், ஹே தனிநாடு என்றும் தாமே அதன் மன்னர் என்றும் அறிவித்து, தம் குதிரையைப் பிரதமராக்கினார். முட்டாள்கள் தினத்துக் கூத்துதான். ஆனால் உலகச் செய்தித்தாள்கள் வந்துவிட்டன. 1988இல் தொடங்கிய இலக்கிய விழா ஊரின் பெயரை இன்னும் பெரிதாக்கியது. பெல்ஜியத்தின் ரெது முதலாக எத்தனையோ சிற்றூர்கள் இந்த வழியைப் பின்பற்றின. பூத் 2019இல் காலமானார்.

நாங்கள் போனபோது விழா முடிந்து ஊர் ஓய்ந்திருந்தது. கோட்டைப் புல்வெளியில் கூரையில்லாத அலமாரிகள், ஆளில்லை, விரும்பியதை எடுத்துக்கொண்டு பணத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம். மழையில் ஊறி உப்பிய ஒரு தோட்டக்கலை நூலை வாங்கினோம். படிக்க முடியாத நூல். எங்கள் வீட்டு அலமாரியில் அதற்குத்தான் முதலிடம்.

ஹே குறையற்ற ஊர் என்று சொல்லமாட்டோம். ஒரு காலத்தில் ஏறக்குறைய நாற்பதாக இருந்த புத்தகக் கடைகள் இணைய விற்பனையால் ஏறத்தாழப் பாதியாகிவிட்டன. விழா நாட்களில் அறை வாடகையைக் கேட்டால் தலை சுற்றும். ஆனாலும் அங்கே வருகிறவர் ஊரின் தொழிலைப் பார்க்க வருகிறார். கடைக்காரர் தம் கடைக்குமேலோ அடுத்த தெருவிலோ குடியிருக்கிறார். மாலையில் சன்னல்களில் விளக்கெரிகிறது. ஸ்காட்லாந்தின் தென்மேற்கு மூலையில் விக்டவுன் என்றோர் ஊரும் இப்படித்தான். பால்பண்ணை ஆலை மூடியது. 1993இல் அருகிலிருந்த சாராய ஆலையும் மூடியது. ஆயிரம் பேர் ஊர் என்ன செய்யும்? 1998இல் ஸ்காட்லாந்தின் தேசியப் புத்தக ஊராகத் தேர்வு பெற்றது. அங்கே செல்ல எங்களுக்கு நாள் போதவில்லை. ஷான் பைதல் என்ற புத்தகக் கடைக்காரர் எழுதிய நாட்குறிப்பு நூலைப் படித்து ஆசையைத் தீர்த்துக்கொண்டோம். அவ்வூரில் ஒரு கடையை வாரக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். எடுத்தவர் மாடியில் தங்கிக்கொண்டு, கீழே கடையை நடத்தவேண்டும். விருந்தினருக்கு வீட்டைக் கொடுக்கும்போதே வேலையையும் கொடுக்கும் அந்த யோசனை எங்களுக்கு மிகப் பிடித்திருந்தது.

*

சுற்றுலாப் பயணி வராவிட்டால் இவ்வூர்கள் என்றோ அழிந்திருக்குமே என்று கேட்பவர் உண்டு. உண்மைதான். லாவென்ஹாமின் தேநீர்க்கடையும் ஹாவர்த்தின் நீராவி இரயிலும் வருகிறவர் தரும் காசில்தான் ஓடுகின்றன. வெளியூர்க்காரர் வாங்கியதால்தான் இடியும் நிலையிலிருந்த பல குடில்கள் கூரை கண்டன என்பதும் பொய்யல்ல. ஆகவே போகாதீர்கள் என்று சொல்ல எங்களுக்கு வாயில்லை. நாங்களே போனவர்கள், மீண்டும் போக ஏங்குகிறவர்கள்.

மாணவர்களிடம் நாங்கள் சொல்வது சிறு சிறு செய்திகள். நெருக்கடி மிகுந்த கடலோர ஊர்களில் முழு வீட்டை எடுக்காதீர்கள். குடும்பத்தார் தாங்களும் வாழ்ந்துகொண்டு அறை வாடகைக்கு விடும் விடுதிகள் உண்டு, காலையில் சூடான உணவோடு பேச்சுத்துணையும் கிடைக்கும். ஆகஸ்டில் மொய்க்காமல் அக்டோபரில் போங்கள். கடைக்காரருக்கு அப்போதுதான் நீங்கள் வேண்டும், பேசவும் நேரமிருக்கும். பேருந்தில் போங்கள், ஊர்ப்பேருந்து ஓடுவது பயணிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது, நீங்கள் ஏறினால் அங்குள்ள மூதாட்டிக்கும் பேருந்து இருக்கும். லீட்ஸிலிருந்து விட்பிக்கு மேட்டுநிலத்தைக் கடந்து போகும் பேருந்தின் மேல்தளத்து முன்னிருக்கை எந்த அருங்காட்சியகத்துக்கும் குறைந்ததன்று.

எல்லாவற்றுக்கும் மேலாக, போய்ச் சேர்ந்த ஊரில் இரண்டு கேள்வி கேளுங்கள். இவ்வூர் எதை இழந்ததால் இப்படி அழகாக இருக்கிறது? இன்று இரவு இங்கே யார் வீட்டில் விளக்கெரியும்? முதற்கேள்விக்கு விடை நூலகத்தில் கிடைக்கும். இரண்டாவதற்கு, இருட்டியபின் தெருவில் ஒருமுறை நடந்துவந்தால் போதும்.

விட்பியிலிருந்து புறப்பட்ட காலையில், சாவியை அந்தச் சிறு பெட்டியில் வைத்து எண்களைக் கலைத்துவிட்டு நிமிர்ந்தோம். மூதாட்டி தம் சன்னலில் இருந்தார். கையசைத்தார். அன்று சனிக்கிழமை. பிற்பகலில் வேறொருவர் வந்து அந்தப் பெட்டியைத் திறந்திருப்பார்.